உங்கள் மதர்போர்டின் பெயர் என்ன?

ரேம் வாங்க சென்னை ரிட்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால், "போர்டு என்ன மாடல் சார்?" என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்பார். கேபினெட்டில் ஒட்டியிருக்கும் 'கோர் ஐ5' ஸ்டிக்கரைச் சொன்னால் அவருக்குப் போதாது. 2009-இல் வந்த ஐ5-உம் ஐ5தான், அண்மையில் வந்ததும் ஐ5தான். இடையில் ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டே பலமுறை மாறிவிட்டது. ரேமும் அப்படித்தான். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 தொடுமுனைகள். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருக முடியாது. விளிம்பில் உள்ள வெட்டை வேண்டுமென்றே தள்ளி வைத்திருக்கிறார்கள்.

பெயரைக் கண்டுபிடிக்க ஸ்க்ரூ டிரைவரைத் தேட வேண்டியதில்லை. விண்டோஸ் தேடல் பெட்டியில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தட்டினால், 'பேஸ்போர்டு பிராடக்ட்' என்ற வரியில் மாடல் இருக்கும். போர்டைத் தயாரித்தவர் பயாஸில் பதிந்து வைத்த விவரம் அது. சில போர்டுகளில் அந்த இடத்தில் 'டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.' என்று வரும். அதுவும் ஒரு மாடல் என்று நினைத்துவிடாதீர்கள். தயாரிப்பாளர் நிரப்பாமல் விட்ட படிவம், அவ்வளவுதான்.

அப்போது கேபினெட்டைத் திறக்க வேண்டியதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நிலைமின்சாரம் போக உலோகச் சட்டத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். போர்டின் மீதே மாடலை அச்சிட்டிருப்பார்கள், பெரும்பாலும் கார்டு செருகும் ஸ்லாட்டுகளுக்கு நடுவில். 'ஏடிஎக்ஸ் 12வி' என்று இருந்தால் அது பவர் கனெக்டரின் பெயர். ஸ்டிக்கரில் உள்ள நீள எண் பெரும்பாலும் சீரியல் நம்பர்.

'ஹெச்610எம்' என்று ஆரம்பிக்கிறதென்று வைத்துக்கொள்வோம். ஹெச்610 என்பது இன்டெல் சிப்செட். 'எம்' என்றால் மைக்ரோ ஏடிஎக்ஸ், அதாவது அதிகபட்சம் 24.4 செ.மீ. சதுரம். பெயரின் வாலை மட்டும் விட்டுவிடாதீர்கள். இதே சிப்செட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. 'டி4' என்ற அந்தச் சின்ன ஒட்டுதான் பல போர்டுகளில் வித்தியாசத்தைச் சொல்லும்.

டார்ச் கையில் இருக்கும்போதே ப்ராசஸருக்கும் ரேம் ஸ்லாட்டுக்கும் நடுவே பாருங்கள். நேராகப் போக வேண்டிய செப்புக் கோடுகள் சில காரணமே இல்லாததுபோல நெளிந்து நெளிந்து போகும். (சில போர்டுகளில் இவை உள் அடுக்கில் மறைந்திருக்கும்.) 3200 வேக டிடிஆர்4 ரேமில், ஒரு கோட்டில் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 0.3 நானோ வினாடி. அதற்குள் சிக்னல் போர்டில் கடப்பது சுமார் 5 செ.மீ.தான். 64 டேட்டா கோடுகளும் எட்டெட்டாகச் சேர்ந்து இயங்குகின்றன. ஒரு குழுவின் எட்டு பிட்டுகளும் ஒன்றாக வந்து சேர வேண்டும். ஒரு கோடு ஒரு செ.மீ. குட்டையாக இருந்தாலும் அதன் பிட் முந்திக்கொள்ளும். அதனால் குட்டைக் கோடுகளை நெளியவிட்டு நீளத்தைச் சமப்படுத்துகிறார்கள். ரேம் ஸ்லாட்டுகளை ப்ராசஸரை ஒட்டியே வைப்பதும் வேகத்துக்காகத்தான்: தூரம் கூடக் கூட சிக்னல் மங்கி, 0 எது, 1 எது என்று பிரிப்பது கடினமாகிவிடும்.