பனங்கொட்டை ஊன்றினால் மட்டும் போதுமா?

2018 நவம்பரில் வீசிய கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. பனைகளோ பெரும்பாலும் நின்றன. அதன்பின் ஏரி, குளக்கரைகளில் கூலி வாங்காமல் பனங்கொட்டை ஊன்றும் இளைஞர்கள் பல ஊர்களில் பெருகினர்.

ஆவணி, புரட்டாசியில் கொட்டை பொறுக்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் 10 அடி இடைவெளியில் ஊன்றுகின்றனர். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். சிரமம் பிறகுதான்.

பனங்கொட்டை முதலில் கீழ்நோக்கியே முளைவிடும். மண்ணுக்குள் கிழங்கு திரண்டு, சில மாதங்கள் கழித்தே ஓலை வெளியே தெரியும். அதற்குள் 'முளைக்கவில்லை' என்று கைவிடுவோர் உண்டு. தை மாதத்தில் கிழங்குக்காகத் தோண்டிவிடுவோரும் உண்டு. பொங்கலுக்குப் பனங்கிழங்கு ருசிதான். அதற்கு வீட்டுக் கொல்லையில் தனிப் பாத்தி போட்டுக்கொள்ளலாம்.

கொட்டை ஊன்றிய இடங்களில் குச்சி நட்டு அடையாளம் வைப்பது நல்லது. முளைக்காத குழிகளில் அடுத்த புரட்டாசியில் வேறு கொட்டை ஊன்ற வேண்டும். கோடையில் கரையிலுள்ள காய்ந்த புல்லுக்கு யாரும் தீ வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வளர்ந்த பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று 2021ல் தமிழக அரசு அறிவித்தது. முழ உயரக் கன்றோ தூர்வாரும் இயந்திரத்தின் கண்ணில் படுவதே இல்லை. வேலை தொடங்கும் அன்று காலை ஒருவராவது கரைக்குப் போய், கன்று வரிசையை ஓட்டுநருக்குக் காட்டிவிட வேண்டும்.