பழுது கார்புரேட்டரிலா, கேனிலா?

ராமநாதபுரம் கரையில் எட்டு, பத்து குதிரைத்திறன் அவுட்போர்டு இஞ்சின் ஒன்று கடலில் இருமி இருமி நின்றுவிட்டால், கரை சேர்ந்ததும் முதலில் பழி விழுவது கார்புரேட்டர் மேல்தான். கழற்றி ஊதுவார்கள், ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்துவார்கள், மாட்டுவார்கள். நாலு நாளில் மறுபடியும் நின்றால் பெரிய ஜெட் போடச் சொல்வார்கள். அதற்கும் மசியாவிட்டால் இஞ்சினையே மாற்று என்பார்கள். இந்த வரிசை தலைகீழானது. கார்புரேட்டரில் தெரியும் கோளாறுகளில் பெரும்பகுதி பெட்ரோல் கேனில் தொடங்குகிறது; அதைக் கவனிக்காமல் செய்கிற பழுதுபார்ப்பும் சரி, மேம்பாடும் சரி, நிலைப்பதில்லை. இந்தக் கரையில் இது சில்லறை விஷயமும் அல்ல. பாக் விரிகுடாவில் வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று கடலைப் பங்கிட்டிருக்கிறார்கள். ஒரு நாள் இஞ்சின் கிளம்பாவிட்டால் நாட்டுப்படகுக்காரருக்கு அந்த வாரத் தொழிலில் கால்வாசி போய்விடும். பழுதான படகு நீரோட்டத்தில் இழுபட்டு இலங்கையுடனான கடல் எல்லைக் கோட்டைத் தாண்டினால் வரும் வம்பு வேறு.

கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. ஒடுங்கிய குழாயில் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த உறிஞ்சலில், கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஜெட் துளை வழியே ஏறி, பொடித்துளியாகச் சிதறிக் காற்றோடு கலக்கிறது. கிண்ணத்தில் மட்டம் ஏறாமல் பார்த்துக்கொள்ள ஒரு மிதவையும் ஊசியும் உண்டு. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது பித்தளையில் போட்ட ஒரு துளைதான். சின்ன இஞ்சின்களில் மெயின் ஜெட்டின் துளை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அதைச் சுற்றி 0.1 மில்லிமீட்டர் கறை படிந்தால் விட்டம் 0.8 ஆகிறது, பரப்போ 36 விழுக்காடு குறைந்துவிடுகிறது. திருப்பிப் பாருங்கள்: கம்பியால் குடைந்து குடைந்து விட்டம் 1.1 ஆகிவிட்டால் பரப்பு 21 விழுக்காடு கூடிப்போகும். கண்ணுக்கே தெரியாத மாற்றத்துக்கு இத்தனை விளைவு. அதனால்தான் ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது, கிளீனர் ஸ்பிரே அடித்துக் காற்றால் ஊதவேண்டும் என்கிறார்கள். மெதுவான ஓட்டத்துக்கான ஸ்லோ ஜெட் இன்னும் நுண்ணியது. அடைப்பு முதலில் அங்கேதான். சோக் இழுத்தால் ஓடி, விட்டால் நின்றுவிடும் இஞ்சினில் சந்தேகப்படவேண்டிய முதல் இடம் அது.

சின்ன ஜெட் போட்டால் பெட்ரோல் மிச்சம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் அப்படிச் செய்தால் பெரும்பாலும் இழுவை குறைவதோடு போகும். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டில் விஷயம் வேறு. ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு டூ-டி ஆயில் என்று கலக்கிறோம். பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் கிடைக்கிற மசகு அது மட்டும்தான். ஜெட்டைச் சுருக்கினால் பெட்ரோலோடு ஆயிலும் சுருங்கும். காற்று மிகுந்த கலவை சூட்டையும் ஏற்றும். சூடு ஏற, மசகு குறைய, கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். லிட்டர் கணக்கில் மிச்சம் பிடித்தது ஒரே நாளில் போரிங் செலவாகத் திரும்பிவரும். பெரிய ஜெட் இவ்வளவு கொடியதல்ல என்றாலும் கரும்புகையும் கரிபிடித்த பிளக்குமாகத் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

கேனுக்கு வருவோம். இந்தியப் பெட்ரோலில் 2022-இல் பத்து விழுக்காடாக இருந்த எத்தனால் 2025-இல் இருபதாகிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்று போதும். இருபது விழுக்காடு கலந்த பெட்ரோலுக்குத் தேவை ஏறத்தாழ 13.5 பங்கு காற்றுதான். மூளையில்லாத ஜெட் பழைய கணக்கிலேயே ஊட்டும். ஆக, யாரும் தொடாமலே கலவை எட்டு விழுக்காடு மெலிந்துபோகிறது. இது சமாளிக்கக்கூடியது. தண்ணீர்தான் பெரிய எதிரி. எத்தனால் ஈரத்தை இழுத்துத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து தண்ணீரோடு கேனின் அடியில் போய்த் தங்கும். உறிஞ்சு குழாயின் வாய் இருப்பதும் அடியில்தான். டூ-டி ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடுவதால், இஞ்சினுக்குள் போவது மசகில்லாத சாராயத் தண்ணீர். நிலத்து வண்டியின் டேங்குக்குக் காற்றிலுள்ள ஈரம் மட்டும்தான். படகின் கேனுக்கோ அலைத்தெறிப்பு, நனைந்த மூடி, படகடியில் தேங்கும் உப்புநீர் எல்லாம் உண்டு. துணியில் வடிகட்டித்தானே ஊற்றுகிறோம் என்றால், துணி மணலைத்தான் பிடிக்கும், கரைந்த தண்ணீரைப் பிடிக்காது. கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடியும் ஜெட்டில் பச்சைக் களிம்பும் கண்டால் அங்கே தண்ணீர் வந்துபோயிருக்கிறது என்று பொருள். அதைச் சுரண்டிவிட்டு அதே கேனை இணைத்தால் அதே களிம்பு மறுபடியும் வரும்.

மண்ணெண்ணெய் மலிவாயிற்றே, அதற்கு மாறினால் எத்தனால் தொல்லையே இல்லையே என்பது அடுத்த வாதம். அரசு மானிய விலையில் தருவதால் இதில் நியாயம் இருக்கிறது. கேரளக் கரை மண்ணெண்ணெயில்தான் வெகுகாலம் ஓடியது. ஆனால் மண்ணெண்ணெய் ஆவியாக ஏறத்தாழ 150 பாகைக்கு மேல் சூடு வேண்டும். பெட்ரோலில் கிளப்பிச் சூடேறிய பிறகே மாற்றவேண்டும். நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு வந்து கிண்ணத்தை நிரப்பிவிட வேண்டும். அது எளிதில் தட்டும் எண்ணெய் என்பதால், அதற்கென்றே அழுத்தம் குறைத்து, ஜெட் மாற்றி வரும் இஞ்சின் தேவை. பெட்ரோல் இஞ்சினில் பாதிப்பாதி கலந்து ஊற்றுவது மாற்றமல்ல, சூதாட்டம். மானியத்தை நம்பி இஞ்சினைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இலங்கை வட கரையின் ஃபைபர் படகுகள் மண்ணெண்ணெயை நம்பியிருந்தன. 2022 ஆகஸ்டில் அங்கே லிட்டர் விலை ஒரே நாளில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியபோது பல படகுகள் கரையில் முடங்கின.

இவற்றையெல்லாம்விட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: கார்புரேட்டரோடு ஏன் மாரடிக்கவேண்டும், ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கலாமே? இதில் மறுக்க முடியாத உண்மை உண்டு. பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு குடிப்பதில் கால்பங்குக்கு மேல் எரியாமலே புகைக்குழாய் வழியாகத் தண்ணீருக்குள் போகும். அமெரிக்கா 1996-இல் அவுட்போர்டுகளுக்குப் புகைவிதி கொண்டுவந்த பின் அங்கே அந்த வகை மெல்ல மறைந்ததற்குக் காரணம் இதுதான். இருபத்தொரு தீவுகளும் பவளப்பாறையுமாக இருக்கும் மன்னார் வளைகுடாவுக்கு இது லேசான செய்தியல்ல. நாள் முழுக்கப் பெட்ரோலில் ஓடும் படகு ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறுவதே கணக்குக்குச் சரி. ஆனால் சின்ன ஃபோர்-ஸ்ட்ரோக்குகள் பலவற்றிலும் கார்புரேட்டர்தான் இருக்கிறது, துளைகள் இன்னும் நுண்ணியவை. இன்ஜெக்‌ஷன் வகையோ கேனில் தண்ணீர் வந்தால் பம்பையும் இன்ஜெக்டரையும் பலிகொடுக்கும். தங்கச்சிமடத்துக் கரையில் ஸ்பானரோடு உட்கார்ந்து அதைச் சரிசெய்ய முடியாது. டீசல் இஞ்சினுக்குக் கார்புரேட்டரே இல்லை, பெரிய வள்ளங்களுக்கு அது பொருத்தம்; ஆனால் ஆழமில்லாத கரையில் தூக்கிச் சாய்த்து, தோளில் சுமந்து வீடு கொண்டுபோகும் வசதி சின்ன அவுட்போர்டில்தான் கிடைக்கும்.

ஆகவே முதல் செலவு, தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டருக்கும் எத்தனால் தாங்கும் ரப்பர் குழாய்க்கும். அன்றன்றைக்கு வேண்டிய பெட்ரோலை மட்டும் வாங்குவதும், இரண்டு நாளைக்கு மேல் கடலுக்குப் போகாதபோது குழாயைக் கழற்றிவிட்டுக் கிண்ணத்தை வற்ற ஓட்டுவதும், நல்ல தண்ணீரில் இஞ்சினைக் கழுவுவதும் காசில்லாத வேலைகள். மானியத்தில் இஞ்சின் தரும் அரசு கூடவே இந்த ஃபில்டரையும் ஒரு கார்புரேட்டர் கிட்டையும் கொடுத்தால் பெரிய செலவாகிவிடாது. இவ்வளவும் செய்து, கம்பி படாத புது ஜெட் போட்டு, அப்போதும் மெலிந்த கலவையால் பிளக் வெளுத்தே இருந்தால் ஒரு அளவு பெரிய ஜெட்டுக்குப் போகலாம். எத்தனால் காலத்தில் அதற்குக் காரணம் இருக்கிறது. காற்றைத் திறந்து மூடும் பட்டர்ஃபிளையின் தண்டு தேய்ந்து ஆடி, பக்கவாட்டில் காற்று இழுக்கிறதென்றாலோ, ஊசி உட்காரும் இடம் அரித்துப்போய்ப் பெட்ரோல் வழிகிறதென்றாலோ எந்த ஜெட்டும் உதவாது. கார்புரேட்டரை முழுதாக மாற்றவேண்டிய நேரம் அது.