மூன்றாம் புத்தகத்தின் கடைசி அத்தியாயம்

பள்ளிப்பட்டில் நண்பர் ஒருவரின் இல்லத்துக்கு நாம் சென்றிருந்தபோது, அவருடைய குமாரன் மூடிய புத்தகமொன்றை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். பாட்டி தெலுங்கில் இரண்டு தரம் சாப்பிட அழைத்தும் எழுந்திருக்கவில்லை. "கதை தீர்ந்துவிட்டது, மாமா" என்றான், உறவினரை ரயிலேற்றிவிட்டு வந்தவனைப் போல.

ஜான் கிறிஸ்டபர் என்ற புனைபெயருடன் சாம் யூட் என்னும் ஆங்கிலேயர் சிறுவர்களுக்காக எழுதிய 'டிரைபாட்ஸ்' வரிசையின் மூன்றாம் நூல் அது. முதலிரண்டும் 1967-லும், இது 1968-லும் வெளிவந்தன. வேற்றுக் கிரகத்து எஜமானர்கள், மூன்று கால் உலோகப் பூதங்களை ஏவிப் பூமியை ஆளுகிறார்கள். பதினான்கு வயதானதும் ஒவ்வொருவர் தலையிலும் உலோக வலையொன்று பதிக்கப்படும். அப்புறம் எதிர்க்கும் எண்ணமே எழாது. அதை ஊர் கூடி விழாவாகக் கொண்டாடுவார்கள்! விலங்கை ஆபரணமென்று மெச்சியவர்களை நம் தேசமும் கண்டதுண்டு.

வலைக்குத் தப்பியோடிய சில பிள்ளைகளே கதாநாயகர்கள். எஜமானர்களுக்குச் சாராயம் ஆகாதென்று தற்செயலாகத் தெரிகிறது. (மதுவிலக்கில் பற்றுள்ள நாமும் இந்த ஓர் உபயோகத்தை ஆட்சேபிக்கவில்லை.) குடிநீரில் அதைக் கலக்க, இரண்டு நகரங்கள் வீழ்கின்றன. பனாமாவிலுள்ள மூன்றாவது மட்டும் தப்பிவிடுகிறது. பலூன்களில் பறந்து வந்து போடும் குண்டுகள் அதன் கவிந்த கூரையில் உருண்டு வழுக்கிப் போகின்றன. அப்போது ஹென்றி என்ற இளைஞன் கூரைமீது குதித்து, குண்டு வெடிக்கும்வரை அதைத் தன் கையாலேயே பிடித்துக்கொள்கிறான்.

இத்துடன் முடிந்திருந்தால் சிறுவன் சாப்பிடப் போயிருப்பான். கடைசி அத்தியாயத்தில், விடுதலை பெற்ற மனிதர்கள் மகாநாடு கூட்டி, நாடு நாடாகப் பிரிந்து சச்சரவிடுகிறார்கள்.

"ஜெயித்த பிறகு ஏன் மாமா சண்டை? இதற்காகவா ஹென்றி செத்தான்?"

கேட்ட இடம் பள்ளிப்பட்டு! வெள்ளையரை எதிர்த்து ஒரே கொடியின்கீழ் நின்ற தமிழரும் ஆந்திரரும், 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது எல்லைக்காக எதிரெதிரே நின்றார்கள். ஸ்ரீ ம. பொ. சிவஞானம் வடக்கெல்லைக் கிளர்ச்சியை நடத்தினார். 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணிப் பிரதேசம் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. அன்று சிறுமியாயிருந்த பாட்டி, முதல்நாள் ஆந்திரத்தில் படுத்து மறுநாள் சென்னை ராஜ்யத்தில் கண்விழித்தாள். பாய் அதே பாய்தான். இன்றைக்கும் ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டில் கொசஸ்தலை ஆறு கரை புரள்கிறது.

சண்டையெல்லாம் வீண் என்று அவனிடம் சொல்ல நமக்கு மனமில்லை. தன் பாஷையில் படிக்கவும் முறையிடவும் உரிமை கேட்பது சின்ன விஷயமன்று. "வில் என்ன செய்தான்?" என்று மட்டும் கேட்டோம்.

"கடல் யாத்திரை போக ஆசைப்பட்டான். அதை விட்டுவிட்டு, எல்லோரையும் ஒன்றுசேர்க்கச் சிநேகிதர்களோடு புறப்பட்டுவிட்டான். சேர்ந்தார்களா என்று எழுதவில்லை."

1988-ல் ஆசிரியர் இன்னொரு புத்தகம் எழுதினார். அது பூதங்கள் வந்த ஆதிக்கதை என்றோம்.

"முன்னால் நடந்தது யாருக்கு வேண்டும், மாமா?" என்று எழுந்தவன், பாட்டிக்குத் தெலுங்கில் பதில் கொடுத்துக்கொண்டே உள்ளே போனான்.