எரிபொருள் மின்கலங்களில் உலோகமற்ற கார்பன் வினையூக்கிகள்: செயற்பாடும் சான்றும்

ஐதரசன் எரிபொருள் மின்கலத்தின் கேத்தோடில் நிகழும் ஆக்சிசன் ஒடுக்க வினை மெதுவானது. அதனை விரைவுபடுத்தும் பிளாட்டினத்திற்கு மாற்றாக நைட்ரசன் ஊட்டிய கார்பன் முன்மொழியப்படுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

எலக்ட்ரான் கவர்திறன் கார்பனுக்கு 2.55, நைட்ரசனுக்கு 3.04. ஆகவே கார்பன் வலையமைப்பில் நைட்ரசன் அமையும்போது அதனை அடுத்த கார்பன் அணுக்கள் சிறிதளவு நேர்மின்தன்மை பெற்று ஆக்சிசனை ஈர்க்கின்றன. இத்தகைய நானோகுழாய்கள் கார ஊடகத்தில் பிளாட்டினத்தை விஞ்சுவதை லிமிங் டாய் குழுவினர் 2009இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டனர். எனினும் அவை இரும்புச் சேர்மத்திலிருந்து வளர்க்கப்பட்டவை. எஞ்சிய இரும்பு மின்வேதி முறையில் நீக்கப்பட்டது.

நைட்ரசனுடன் பிணைந்த நுண்ணளவு இரும்பும் இவ்வினையை ஊக்கும். எனவே 'உலோகமற்றது' என்னும் கூற்றுக்குச் சான்று வேண்டும். பிளாஸ்மா நிறை நிறமாலையியல் எஞ்சிய உலோகத்தை அளவிடும். சயனைடு அயனி சேர்த்ததும் திறன் பெரிதும் குறையுமாயின், வினை நிகழுமிடம் இரும்பாகலாம்.

கவரைப்பேட்டையை அடுத்த கும்மிடிப்பூண்டி வட்டத்தின் தேர்வாய்கண்டிகைத் தொழிற்பூங்காவில் கார்பன் பிளாக் உற்பத்தியாகிறது. மின்கலத்தில் பிளாட்டினத்தைத் தாங்குவதும் இவ்வினக் கார்பனே. தொழிலகக் கார்பனை மூலப்பொருளாகக் கொள்ளும் ஆய்வு, நைட்ரசன் ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் உலோக அளவைத் தருதல் இன்றியமையாதது.

அமில ஊடகத்தில் பிரிடின் வகை நைட்ரசன் புரோட்டானை ஏற்பதால் திறன் குறைகிறது. ஆதலின் இவ்வினையூக்கிகளுக்கு முதலில் பொருந்துவன காரச் சவ்வு மின்கலங்களே.