பாலெட்டின் உயரத்தை அளந்தீங்களா?

இந்த வார எபிசோடில் தொட்ட எல்டிஎல் விஷயத்தை, இங்கே கணக்கோட பார்ப்போம்.

அமெரிக்காவில் ஆன்லைனில் வெட் கிரைண்டர் விக்கிறீங்கன்னு வைங்க. ஒண்ணு ரெண்டுன்னா பார்சல் போதும். கடைக்காரர் ஒருத்தர் மொத்தமா 20 கேட்டா? பார்சலா அனுப்பினா செலவு எகிறும். முழு லாரி பிடிக்கவும் சரக்கு பத்தாது. மத்தவங்க சரக்கோட சேர்ந்து, உங்க பாலெட்டுக்கு மட்டும் காசு கொடுக்கிறதுதான் எல்டிஎல்.

இதில் எடை மட்டும் பார்த்து விலை சொல்ல மாட்டாங்க. சரக்குக்கு 50 முதல் 500 வரை ‘கிளாஸ்’ உண்டு. எண் கூடினால் கட்டணமும் பொதுவா கூடும். 2025 ஜூலையிலிருந்து இன்னும் நிறைய பொருட்களுக்கு அடர்த்தியை வைத்தே கிளாஸ் போடுறாங்க.

உதாரணமா, 48க்கு 40 அங்குலப் பாலெட், மொத்தம் 500 பவுண்டு. உயரம் 48 அங்குலம்னா 53.3 கன அடி. ஒரு கன அடிக்கு 9.4 பவுண்டு: கிளாஸ் 100. அதையே தளர்வா அடுக்கி 60 அங்குலம் ஆச்சுன்னா 7.5 பவுண்டு: கிளாஸ் 125. சரக்கு அதேதான், கூடுதல் காசு காத்துக்கு!

ஒரு சின்ன கம்பெனிக்கு ஷிப்பிங் சாஃப்ட்வேர் இணைச்சப்போ, அவங்க டேட்டாபேஸில் எடைக்கு இடம் இருந்தது, அளவுக்கு இல்லை. நான் முதலில் சேர்த்தது அதைத்தான். ஏன்னா லாரி கம்பெனி டெர்மினலில் திரும்ப அளக்கும். நீங்க சொன்னது தப்புன்னா பில் மாறி வரும்.

அதனால விலை கேட்கும் முன்னாடி, கட்டையோட சேர்த்து அளங்க. இறக்குற இடத்தில் லோடிங் டாக் இல்லைன்னா, லிஃப்ட்கேட் வேணும்னு அப்பவே சொல்லிடுங்க.