கறுப்புப் புலி சொல்லும் சேதி!

புலி என்றாலே மஞ்சள் உடம்பும் கறுப்பு வரிகளும்தான். ஆனால், ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் 'கறுப்புப் புலி'கள் உலவுகின்றன. உற்றுப் பார்த்தால் அவை முழுக் கறுப்பு அல்ல. வரிகள் அகன்று, ஒன்றோடொன்று சேர்ந்து மஞ்சளை மறைத்திருக்கும். சென்னை வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் இப்படிப்பட்ட குட்டிகள் பிறந்திருக்கின்றன.

காரணம் என்ன? பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு 2021-ல் விடை சொன்னது. பூங்காப் புலிகளின் டி.என்.ஏ. முழுவதையும் படித்தார்கள். காட்டுப் புலியைப் பிடித்து ரத்தம் எடுப்பது சுலபமா? அதனால் எச்சம், உதிர்ந்த முடி ஆகியவற்றிலிருந்தும் டி.என்.ஏ. எடுத்தார்கள். 'டாக்பெப்' என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது! வீட்டுப் பூனையின் உடல் கோலத்தைத் தீர்மானிப்பதும் இதே மரபணுதான்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மாற்றம் வந்தால்தான் குட்டி கறுப்பாகும். மற்ற காடுகளோடு தொடர்பற்றுப்போன சிமிலிபாலில் புலிகள் குறைவு. சொந்தத்துக்குள்ளேயே இணைசேர்வதால், அரிய மாற்றம் அங்கே சகஜமாகிவிட்டது. கண்ணுக்கு அழகுதான். ஆனால், நோய், குறைபாடுகளுக்கான மரபணுக்களும் இதே வழியில் சேரலாம்.

அதனால்தான் 2024-ல் மகாராஷ்டிராவின் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத் என்ற இரு பெண் புலிகள் அங்கே கொண்டுவரப்பட்டன. ஜீனத்தோ ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று கிளம்பிவிட, மயக்க ஊசி போட்டுத் திரும்ப அழைத்துவந்தார்கள்.

சிமிலிபாலுக்கு இப்போதைய தேவை, புது ரத்தம்!