கலம் செய்த கைகள் - 9: ஆணி அடிக்காத கப்பல்

சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன் ஆட்களையும் மூட்டைகளையும் கரை சேர்த்த மசூலாப் படகுகளைப் பற்றிச் சென்ற வாரம் சொன்னேன். பலகைகளைக் கயிற்றால் தைத்ததால், அலை அடிக்கும்போது அந்தப் படகு வளைந்து கொடுத்துத் தப்பித்தது. அதே வித்தையில் கடல் கடக்கும் கப்பல் ஒன்றை நம் காலத்திலேயே கட்டிவிட்டார்கள்.

2023-இல் ஒன்றியக் கலாச்சார அமைச்சகம், கடற்படை, கோவாவின் ஹோடி இன்னொவேஷன்ஸ் நிறுவனம் மூன்றும் ஒப்பந்தம் போட்டன. மாதிரிக்கு எடுத்துக்கொண்டது அஜந்தா குகையில் 5-ஆம் நூற்றாண்டில் தீட்டிய கப்பல். சுவரில் இருக்கும் படத்துக்கு ஒரு பக்கம்தான் உண்டு. அடிப்பகுதி எவ்வளவு அகலம், காற்று அடித்தால் எவ்வளவு சாயும் என்றெல்லாம் ஓவியன் சொல்லிவிட்டுப் போகவில்லை. சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறை சிறு மாதிரி செய்து தண்ணீரில் விட்டுப் பார்த்தது. மற்றதெல்லாம் கேரளத்துத் தச்சர் பாபு சங்கரனும் அவருடைய ஆட்களும் கையால் செய்தது.

பலகையை ஆவியில் பதமாக்கி வளைக்கிறார்கள். விளிம்பை ஒட்டி வரிசையாகத் துளை. இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் தேங்காய் நாரை வைத்து அழுத்தி, துளைகளில் கயிறு கோத்து இழுத்து இறுக்குகிறார்கள். தண்ணீர் புகாமல் இருக்கக் குங்கிலியம், மரம் உளுக்காமல் இருக்க மீன் எண்ணெய். ஒரு முடிச்சு தளர்ந்தாலும் நடுக்கடலில் காட்டிக்கொடுத்துவிடும். ஒப்பேற்றும் வேலைக்கு இங்கே இடமில்லை.

2025 பிப்ரவரியில் கோவாவில் கப்பலை நீரில் இறக்கினார்கள். மே 21-இல் கார்வாரில் கடற்படை அதைச் சேர்த்துக்கொண்டு ‘கௌண்டின்யா’ என்று பெயர் வைத்தது. எஞ்சின் கிடையாது, சதுரப் பாய்கள், திருப்புவதற்குப் பெரிய துடுப்புகள். டிசம்பர் 29-இல் போர்பந்தரில் கிளம்பி, 2026 ஜனவரி 14-இல் மஸ்கட் போய்ச் சேர்ந்தது.

இதில் எனக்கு ஒரு குறை. கௌண்டின்யர் கிழக்கே போய் மேகாங் கரையில் பூனான் அரசை நிறுவியதாகச் சொல்லப்படுபவர். அவர் பெயர் வைத்த கப்பலை மேற்கே அனுப்பியிருக்கிறோம்! கிழக்கு வழியின் நடுவில் இருப்பவை நிக்கோபார் தீவுகள். ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் அதுதான். கி.பி. 673-இல் கடாரத்திலிருந்து வங்கத்துக்குக் கப்பலேறிய சீன பிக்கு இத்சிங், தீவுக்காரர்கள் சிறு படகுகளில் வந்து தேங்காயும் வாழைப்பழமும் கொடுத்து இரும்பு கேட்டதாக எழுதியிருக்கிறார்.

இரும்புக்கு அவ்வளவு தட்டுப்பாடு இருந்த தீவில் படகு மட்டும் குறையில்லாமல் ஓடியது. கார் நிக்கோபாரில் இன்றும் ஹோடி இருக்கிறது. ஒரே மரத்தைக் குடைந்து, கவிழாமல் இருக்க ஒரு பக்கம் மிதவைக் கட்டை சேர்த்துக் கட்டிய படகு. பெரும்பாலும் அது தனி ஆள் சொத்து இல்லை. ‘துஹெத்’ என்னும் கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். போட்டியும் உண்டு, ஊருக்கு ஊர் மானப்பிரச்சினை. 2004 சுனாமி மனிதர்களோடு படகுகளையும் வாரிக்கொண்டு போனது. பிறகும் செய்தார்கள். இப்போது புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

ஓவியத்தில் மட்டும் மிஞ்சிய கப்பலுக்கு மூன்று தரப்பு ஒப்பந்தம் போட முடிந்த நமக்கு, ஓடிக்கொண்டிருக்கும் படகின் தச்சர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வைப்பது பெரிய செலவில்லை. கௌண்டின்யாவின் அடுத்த பயணம் நாகப்பட்டினத்தில் தொடங்கட்டும். முதல் நங்கூரம் நிக்கோபாரில் விழட்டும். ஹோடி குடையும் விதம் பற்றி அடுத்த வாரம்.